கிரிக்கெட்டையும் விட்டுவிட்டான்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஒரு மாதமாக எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான், கிரிக்கெட்டுக்குக்கூடப் போவதில்லை. வயசுக் கோளாறு, விடு என்கிறார் அவன் அப்பா. விடலாமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: விடாதீர்கள் அம்மா. எரிச்சல், கதவைச் சாத்திக்கொள்வது எல்லாம் இந்த வயதில் வருவதுதான். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். ஆனால் என்னை உறுத்துவது அந்தக் கிரிக்கெட். பிடித்த ஒன்றே பிடிக்காமல் போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம், பிள்ளைகளிடம் அது பல சமயம் சோகமாக இல்லாமல் கோபமாகத்தான் வெளிவரும். தூக்கம், சாப்பாடு எப்படி என்று பாருங்கள். அப்புறம், உட்காரவைத்து விசாரிக்காமல் வண்டியில் போகும்போது பேச்சுக் கொடுங்கள், அறிவுரை வேண்டாம், கேளுங்கள். சாகணும் போல இருக்கா என்று கேட்கவும் தயங்காதீர்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். எப்படியும் இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள், அவன் அப்பாவும் கூட வரட்டும்.