திருகோணமலையிலிருந்து வயதான பெற்றோருடன் ரிவர்ஸ்டன்: ஒரே நாளில் காரில் போய்த் திரும்பலாமா?

பெற்றோருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, சின்னக் கார், வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நிலைமையும் இதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

போகலாம். கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அன்றைக்கே திரும்பாதீர்கள். மாத்தளையிலோ ரத்தோட்டையிலோ ஓர் இரவு தங்குங்கள். இளம் பிள்ளைகள் விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் கிளம்பி இரவே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அது எனக்கும் தெரியும். அவர்களைப் பார்த்து நான் எழுதவில்லை. பின் சீட்டில் பிரஷர் மருந்து எடுக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு எழுதுகிறேன்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 கிலோமீற்றர். அங்கிருந்து ரத்தோட்டையூடாக, நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ள ரிவர்ஸ்டன் மேட்டுக்கு இன்னும் 30 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் நாலரை மணித்தியாலம் போதும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். மலைப்பாதையை நினைத்து இரண்டு கிழமை பயந்தேன். வளைவுகளைக் காட்டும் காணொளிகளை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். ஆனால் எனக்கு உண்மையான பயத்தைக் காட்டியது மலை இல்லை, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் உள்ள அந்தச் சமதரை வீதிதான்.

நாங்கள் போனது 2023 ஆகஸ்டில். கச்சான் காற்று அடித்து திருகோணமலை உவர்மலையில் வீட்டுக்குள்ளேயே இருக்க முடியாத வெக்கை. அப்பா தம்பலகாமத்துக்காரர், புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பற்றி எத்தனையோ வருடம் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறார், ஒருமுறையும் போனதில்லை. முதலில் வசதி இல்லை, பிறகு சண்டைக் காலம், பிறகு அம்மாவின் சுகவீனம். அந்த வருடம் அவருக்கு 76. "ஒருக்கா அந்தப் பனியைப் பார்த்திட்டு வந்தால் போதும்" என்று கேட்டார். அப்போது கியூஆர் பங்கீட்டு முறையில்தான் பெற்றோல் கிடைத்தது. எங்கள் ஆல்டோவுக்குக் கிடைத்ததைச் சேர்த்து வைத்துக் கிளம்பினோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலருக்குப் படலாம். கிளம்புவதற்கு முதல் வாரம் காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் நான்தான் ஓட்டுகிறேன். என் கணவருக்குக் கண் பார்வை குறைவு, அனுமதிப்பத்திரமும் இல்லை. சாவியைக் கொடுத்தது நான், பிரேக் மிதி கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது என்று சொன்னதும் நான். அந்த மனிதர் என் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அண்ணை, அக்கா மலையில ஓட்டுவாவா? நீங்க ஓட்டுறதுதான் நல்லது." பிரேக் எண்ணெய் மாற்றச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டார். எண்ணெய் மாற்றவே இல்லை என்பது மலையிலிருந்து இறங்கும்போதுதான் தெரிந்தது. கராஜின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் எத்தனை பெண்கள் ஸ்கூட்டியிலும் காரிலும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடித் திரிகிறோம்! எங்களுடைய வாகனத்தில் உள்ள பிழையை எங்களிடம் சொன்னால் என்ன? மூன்று வருடமாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். விடிய ஐந்தேகாலுக்குக் கிளம்பி, கந்தளாயில் வெளிச்சம் வரும்படி போனோம். அது நல்ல முடிவு. அதை மட்டும் அப்படியே செய்யுங்கள். ஹபரணையில் ஒரு மரத்தடியில் நிறுத்தி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அம்மா அரை மணித்தியாலம் இருந்தார். ரத்தோட்டை தாண்டியதும் பாதை ஒடுங்குகிறது, தேயிலையும் மிளகுக் கொடியும் வருகின்றன, முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஏற வேண்டியிருக்கிறது. ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது மலையில் முறை. எதிரில் வந்த பஸ்காரர் ஒருவர் அழகாக ஒதுங்கி நின்று கை காட்டினார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது எதுவும் தெரியவில்லை. அங்குள்ள தொலைத்தொடர்புக் கோபுரமும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை, பத்தடிக்கு அப்பால் வெள்ளைதான். காற்று கதவைத் திறக்க விடவில்லை. ஊரில் நெற்றி வியர்த்துக் கிளம்பிய அம்மா நான் எடுத்துப்போன போர்வை இரண்டையும் போர்த்திக்கொண்டார். நூறு மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குக் கொஞ்சம் கூடக் குறையும் என்று அப்பா கணக்குச் சொன்னார். 1,400 மீற்றருக்கு ஒன்பது பாகை அளவில் வரும், காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் குளிர். முதியவர்களுக்குக் காதை மூடத் துணி கட்டாயம்.

அப்பா காருக்குள் இருக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு குட்டை மரத்தின் பாசியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் தண்ணீர் வழிந்தது. மழை பெய்யவில்லை. ஈரக்காற்று மலையில் முட்டி ஏறிக் குளிர்ந்து பனிமூட்டமாகிறது, இந்த மரங்கள் அதை வடித்து மண்ணில் இறக்குகின்றன. அந்தத் தண்ணீர் களுகங்கையாகவும் தெல்கமு ஓயாவாகவும் அம்பன் கங்கையில் விழுகிறது. அம்பன் கங்கைத் தண்ணீரை எலகெர அணையும் வாய்க்கால்களும் மின்னேரியா, கந்தளாய்க் குளங்களுக்குக் கொண்டுவந்தன. மிச்சம் மகாவலியோடு சேர்ந்து நம் கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது. "பிள்ளை, தம்பலகாமத்து வயலுக்கு வந்த தண்ணி இதுதான்" என்று சொன்னார். சின்ன வயதில் அந்த வாய்க்காலில் குளித்தவர். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஹோட்டன் சமவெளி இதைவிடப் பேர்போனது, அங்கே போகச் சொல்லாமல் இதைச் சொல்கிறாயே என்று யாராவது கேட்பார்கள். நக்கிள்ஸும் ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் சேர்ந்துதான் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆயின. ஒன்றைத் தாழ்த்தி ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடை அதிகம், நம் ஊரிலிருந்து தூரமும் அதிகம். ரிவர்ஸ்டனில் முழங்கால் வலி உள்ள அம்மா காரில் இருந்தபடியே பனிக்காட்டைப் பார்க்க முடிந்தது. அப்பால் உள்ள பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கு அப்பா மட்டும் என் கணவரின் கையைப் பிடித்து நடந்து போய் வந்தார். அட்டை இருக்கும், உப்புத் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை அங்கேதான் நடந்தது. ஒன்றரைக்குத் திரும்ப வேண்டும் என்று திட்டம். பனி விலகட்டும் என்று காத்திருந்து மூன்று மணியாகிவிட்டது. விலகிய அந்தப் பத்து நிமிடம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இறங்கும்போது பாதி வழியில் எரிந்த மணம் வந்தது. அப்புறம் மிதி மெத்தென்று உள்ளே போகத் தொடங்கியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். பழைய எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் மிதிக்குப் பிடி இருக்காது. கடற்கரை ஊரில் ஓடும் வாகனங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது. நான் முதலாம் கியருக்கு இறக்கி, ஓர் அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். ரயருக்குக் கல் வைத்து முக்கால் மணித்தியாலம் ஆற விட்டோம். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்புறம் கீழே வரும்வரை முதலாம் கியர்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். ஓட்டோமற்றிக் வாகனமென்றால் L என்றோ B என்றோ போட்டிருக்கும் நிலையில் வையுங்கள்.

இப்படித்தான் ஹபரணை வரும்போது ஆறே முக்கால் தாண்டி இருட்டிவிட்டது. தங்கலாமா என்று கணவர் கேட்டார். வீட்டுக்கு இன்னும் 85 கிலோமீற்றர்தானே என்று நான் விட்டுவிட்டேன். அது என் முடிவு. கல்ஓயாச் சந்திக்கு முன்னால் ஒரு லொறி விளக்கைத் தணித்து நின்றது. அதற்கு அப்பால், வீதியின் நடுவில், தனி ஆண் யானை.

லொறி ஓட்டுநர் சிங்களவர், வயதானவர். கையை வெளியே நீட்டி, பின்னால் போ, ஹோர்ன் அடிக்காதே என்று சைகை காட்டினார். பின்னாலும் ஒரு வான் வந்து ஒட்டி நின்றுவிட்டது. பின்னுக்கு எடுக்க இடமில்லை. யானை லொறியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டு எங்களை நோக்கி நாலைந்து எட்டு வந்தது. ஆல்டோவின் கூரை அதன் வயிற்றளவுக்கும் இல்லை. அம்மா கோணேசரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா "எஞ்சினை நிப்பாட்டாதை, லைட்டைக் குறை" என்று மட்டும் சொன்னார். இருபது நிமிடம் இருக்கும். பிறகு அது தானாகக் காட்டுக்குள் இறங்கியது. லொறிக்காரர் போகாமல் நின்று எங்களைத் தன் பின்னால் வரவிட்டுக் கந்தளாய்வரை மெதுவாகவே ஓட்டினார். அவருக்கு நன்றி சொல்லக்கூட முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அம்மாவின் பிரஷர் 190.

யானையை நான் குறை சொல்லவில்லை. அது அதன் இடம். வாகனத்திலிருந்து வாழைப்பழமும் சோளமும் கொடுத்துப் பழக்கியவர்களால்தான் அது வாகனத்தைத் தேடி வருகிறது. நீங்கள் ஒன்றும் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் கேட்டாலும்.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். திரும்பும் நாளில் மாலை நாலரைக்கு ஹபரணையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள், மற்ற நேரங்கள் எல்லாம் அதிலிருந்து வரும். தாமதமானால் தம்புள்ளையிலேயே அறை எடுத்துவிடுங்கள். அந்தக் காசைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் போக வேண்டாம், வாடைமழை அந்தப் பக்கமும் கொட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் எத்தனை வீதிகள் மண்சரிவில் போயின என்று பார்த்தோம். கிளம்புமுன் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், 117க்கு அழைத்தாலும் சொல்வார்கள். மேலே பனியில் பெரிய விளக்கைப் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பிக் கண்ணில் அடிக்கும். தாழ்ந்த விளக்கே போதும்.

அப்பாவுக்கு இப்போது 79. திரும்பவும் கேட்கிறார், இந்த முறை இரண்டு இரவு. போன கிழமை வேறு கராஜில் பக்கத்திலேயே நின்று பிரேக் எண்ணெய் மாற்றினேன். பழைய எண்ணெய் தேயிலைச் சாயம் மாதிரி கறுத்திருந்தது.