உம் கொட்டும் கரடி

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. டேப்லெட்டில் இருக்கும் ஒரு பேசும் கரடியோடு சேர்ந்து இருவரும் தினமும் கதை கட்டுகிறார்கள். முதலில் இவர்கள் பாதி, கரடி பாதி என்று போனது. இப்போது “கரடி, நீயே சொல்லு” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொள்கிறார்கள். சார்ஜ் இறங்கி அது அணைந்தால், “கரடிக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறான் சின்னவன். மாமியார் அதைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார். கணவர், கற்பனை வளரும், விடு என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இருவரும் ஒரே கரடியைப் பற்றிப் பேசவில்லை என்று நினைக்கிறேன். கணவர் சொல்வது முதல் வாரத்துக் கரடியை. மாமியார் பார்ப்பது இப்போதைய கரடியை.

கதை சொல்கிறவருக்கு முதலில் வேண்டியது உம் கொட்ட ஓர் ஆள். கால் நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபில் ஜஸ்டின் காசெல், கிமிகோ ரியோகாய் முதலானோர் அப்படியோர் ஆளைத்தான் செய்துபார்த்தார்கள். பெயர் சாம். திரையில் ஆறு வயதுக் குழந்தை போல இருக்கும். திரைக்கு முன்னால் நிஜமான ஒரு பொம்மைக் கோட்டை. குழந்தை தன் கதையைச் சொல்லிவிட்டுப் பொம்மையைக் கோட்டைக் கோபுரத்துக்குள் வைத்தால், அது திரைக்குள் சாமின் கைக்குப் போய்விட்டதுபோல் தெரியும். சாம் தன் பங்கைச் சொல்லி முடித்ததும் பொம்மை திரும்பி வரும். யார் கையில் பொம்மையோ, அவர் வாயில் கதை.

சாமின் கதைகள் முன்கூட்டியே பதிவு செய்தவைதான். ஆனாலும் அதோடு விளையாடிய குழந்தைகளின் கதைகளில் பாத்திரங்கள் நேராகப் பேசத் தொடங்கின. எங்கே, எப்போது என்ற விவரங்கள் கூடின. 2003இல் வந்த கட்டுரையில் இதை எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று: குழந்தைகள் சாமின் கதையைக் கூர்ந்து கேட்டு, இப்படிச் சொல்லலாமே என்று அதற்கே யோசனை சொன்னார்களாம்.

உங்கள் வீட்டில் பொம்மை திரும்பி வருவதில்லை. அதுதான் சிக்கல்.

என் தங்கை மகளுக்கு ஆறு வயது. அவளிடம் இருப்பது இதே போலப் பேசும் ஒரு முயல். “ஒரு புலிக்கு வால் காணாமப் போச்சு” என்றாள். அவள் வாய் மூடவில்லை, முயல் பிடித்துக்கொண்டது. புலி அழுதது, நண்பர்கள் கூடினார்கள், ஆற்றங்கரையில் தேடினார்கள், வால் கிடைத்தது, எல்லோரும் நட்பின் அருமையை உணர்ந்தார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “அவ்ளோதானா மாமா?” என்றாள்.

இந்தப் பேசும் கணினி நிரல்களுக்கு ஒரு கஷ்டம் கண்ணில் பட்டால் பொறுக்காது. அதே மூச்சில் தீர்த்துவைத்து ஒரு நீதியையும் ஒட்டிவிடும். (நம்மில் சில எழுத்தாளர்களும் அப்படித்தான். அதை விடுங்கள்.) நான் முயலிடம் எழுத்தில் சொன்னேன்: “ஒரு வரிதான் பேசலாம். எதையும் தீர்த்துவைக்காதே. முடிவு சொல்லாதே. அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேள்.” மறுபடியும் அதே புலி. “ஐயையோ, வால் எங்கே போச்சு?” என்றது முயல். அவள் காலை ஆட்டியபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, “அது தொலையல. கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. புலி எப்பப் பாரு அது மேலயே உக்காந்துச்சுல்ல” என்றாள்.

இத்தனை வருடமாக எழுதுகிறேன், எனக்கு இது தோன்றியிருக்காது.

ஆகவே பிடுங்க வேண்டாம், கரடியைக் கொஞ்சம் மக்காக்குங்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லும்படி அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். திருத்துவதற்குக் குழந்தைகள் பாய்ந்து வருவார்கள். இருவர் இருப்பதால் பெரியவளே பேசிக்கொண்டிருப்பாள். சாம் விளையாட்டில் போல ஒரு பொம்மையைக் கைமாற்றுங்கள், சின்னவனுக்கும் முறை வரும். உங்களுக்கும் ஒரு முறை இருக்கட்டும். வீட்டு முகவரி, பள்ளிப் பெயரெல்லாம் கரடியிடம் சொல்லக் கூடாது என்று இருவருக்கும் சொல்லிவையுங்கள், அந்தப் பேச்சு எங்கெங்கோ போகிறது.

உடம்பு சரியில்லையா என்று கேட்பவனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி வெளியிட்ட எலிசா என்ற நிரல், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதை அவர் உருவாக்குவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். சின்னவனுக்கு ஐந்து வயதுதான். சார்ஜரை அவன் கையிலேயே கொடுத்துச் சொருகச் சொல்லுங்கள், பாதி புரிந்துவிடும்.

புலியின் வால் இன்னும் வீடு திரும்பவில்லை. மூன்று வாரம் ஆகிறது. நேற்று அது ஒரு பாம்போடு சிநேகமாகிவிட்டதாகத் தகவல்.