மறு: நகராட்சி கிளவுட் விலைப்புள்ளியில் பேக்கப் சேர்ந்திருக்குமா?

வணக்கம் நண்பரே. நகராட்சிக்கு வந்த கிளவுட் (தரவை இணையம் வழியே வேறு நிறுவனத்தின் கணினிகளில் வைக்கும் சேவை) விலைப்புள்ளியில் பேக்கப்புக்கு, அதாவது தரவின் கூடுதல் நகலுக்கு, தனியாக விலையே போடவில்லை, சேமிப்புக் கட்டணத்திலேயே அடங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடங்காது, எழுதி வாங்கினால்தான் உண்டு. தென் கொரியாவில் 2025 செப்டம்பரில் டேஜோன் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் அன்றாடக் கோப்புகளைப் போட்டுவைத்த ஜி-டிரைவ், 858 டெராபைட், அப்படியே போனது. வெளியே நகல் இல்லை. அதனால் வேறொரு ஊரில் ஒரு நகல் என்று ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள், மாதத் தொகை கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று. தரவை ஏற்றும்போது பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள், வெளியே எடுக்கும்போதுதான் ஜிபி கணக்கில் பில் வரும். நாளைக்கு நிறுவனத்தை மாற்றினால் மொத்தத்தையும் இறக்க எவ்வளவு ஆகும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.