தென்பிரான்ஸ் கிராமங்களில் மோட்டார்ஹோம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை விடுமுறைக்கு மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) எடுத்துக்கொண்டு தென்பிரான்ஸ் கிராமங்களுக்குப் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஆகஸ்டில் இரண்டு வாரம் விடுமுறை. பாரிஸில் வண்டி எடுத்து புரோவான்ஸ், வெர்தோன் பள்ளத்தாக்கு, கார்கசோன், தோர்தோன் எல்லாம் ஒரு சுற்று வரலாமா?

ஓட்டிவிடலாம். ஆனால் எந்த ஊரிலும் இறங்கி நிற்க நேரம் இருக்காது. மலைச்சாலை வளைவுகளில் இந்த வண்டி மெதுவாகத்தான் போகும். ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதை நன்றாகப் பாருங்கள்.

ஆகஸ்ட் என்றால் நான் லார்சாக் பீடபூமியைத்தான் சொல்வேன். நிலம் உயரமானது. பகலில் வெயில் கொளுத்தினாலும் ராத்திரி போர்வை தேட வேண்டியிருக்கும். தகரப் பெட்டிக்குள் படுப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதல் இரவிலேயே தெரியும். மியோ நகரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 2004இல் திறந்த 343 மீட்டர் உயரப் பாலத்தைக் கீழே ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ரொக்ஃபோர் ஊரில் பாலாடைக்கட்டி முதிரும் குகைகளுக்குள் போகலாம். பாறை வெடிப்புகள் வழியாக எப்போதும் ஈரக்காற்று வீசும், கோடையிலும் சட்டைக்கு மேல் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் லா கூவெர்த்வாராத். டெம்ப்ளர் வீரத்துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டிய ஊர். மதில் 15ஆம் நூற்றாண்டில் வந்தது. உள்ளே போனால் வீட்டுக் கதவுகளைக் கவனியுங்கள். சூரியகாந்தி அளவில் காய்ந்த முட்பூ ஒன்றை ஆணியடித்து வைத்திருப்பார்கள், பெயர் கார்தபெல். காற்றில் ஈரம் ஏறினால் இதழ்கள் மூடிக்கொள்ளும், மழை வருகிறது என்று அர்த்தம். வெளியே எங்காவது பூத்திருப்பதைக் கண்டால் பறிக்காதீர்கள்.

லாவெண்டர் வயல் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

அப்படியானால் ஜூலை முதல் வாரத்தில் போய்விடுங்கள். வலான்சோல் சமவெளியில் ஜூலை நடுவிலேயே அறுவடை தொடங்கிவிடும். தாமதமானால் உயரத்தில் இருக்கும் சோ என்ற ஊரை முயலுங்கள், அங்கே பூ கொஞ்சம் பிந்தி முடியும். ஆகஸ்ட் 15 அன்று லாவெண்டர் திருவிழாவும் உண்டு, ஆனால் அதற்குள் வயல் பெரும்பாலும் அறுத்துக் கிடக்கும்.

சென்னையிலிருந்து வருகிறோம். இந்திய லைசென்ஸ் போதுமா?

சுற்றுலாவுக்கு வருபவர் இந்திய லைசென்ஸுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச்சீட்டையும் கையில் வைத்திருந்தால் ஓட்டலாம். வாடகை நிறுவனத்துக்கு வயது, அனுபவம் என்று தனி நிபந்தனைகள் இருக்கும், முன்கூட்டியே கேளுங்கள்.

எடையையும் மறக்க வேண்டாம். சாதாரண கார் லைசென்ஸுக்கு வரம்பு 3.5 டன். அது ஆட்கள், தண்ணீர், சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் சேர்த்த கணக்கு. 100 லிட்டர் தொட்டி நிரம்பினாலே 100 கிலோ. அதனால் தொட்டியைக் கால்வாசியோடு விட்டுவிட்டு, தங்கும் ஊருக்குப் பக்கத்தில் நிரப்புங்கள்.

ராத்திரி எங்கே நிறுத்துவது? சாலையோரம் எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்கிறார்களே?

நிறுத்துவது வேறு, முகாம் போடுவது வேறு. அனுமதியுள்ள பொது நிறுத்தத்தில் மோட்டார்ஹோமும் மற்ற வண்டி மாதிரிதான். ஆனால் கூரைத்துணியை விரித்து, மேசை நாற்காலியை வெளியே போட்டால் அது முகாம் ஆகிவிடும், அதற்கு அனுமதி கிடையாது. ஊர் மேயர் தடைப்பலகை வைத்திருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். செவென் தேசியப் பூங்காவின் மையப்பகுதியில் வண்டியில் இரவு தங்கவே கூடாது.

கிராமங்களே 'ஏர் த காம்பிங்-கார்' என்று நிறுத்துமிடம் ஒதுக்கியிருக்கின்றன. தண்ணீர் பிடிக்கவும் கழிவறைப் பெட்டியைக் காலி செய்யவும் அங்கே வசதி இருக்கும். இலவசமாகவும் கிடைக்கும், கட்டணத்துக்கும் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிரான்ஸ் பாசியோன். 1993 முதல் நடக்கும் ஏற்பாடு. ஆண்டுச் சந்தா கட்டினால், திராட்சைத் தோட்டக்காரர்களும் ஆடு வளர்ப்பவர்களும் தங்கள் நிலத்தில் 24 மணி நேரம் இலவசமாக நிறுத்த விடுவார்கள். வண்டிக்குள் கழிவறை இருக்க வேண்டும், அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டும் கீழே விழக்கூடாது. போனதும் வீட்டுக்காரரைத் தேடி 'போன்ஜூர்' சொல்லுங்கள், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் ஒரு பாட்டில் தேனோ நாலு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோ வாங்குங்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன். இந்த ஊர்களில் பல, குளிர்காலத்தில் வெறிச்சோடிப் போகும். ரொட்டிக்கடை தாக்குப்பிடிப்பது கோடையில் நாம் வாங்குவதால்தான். சூப்பர்மார்க்கெட்டில் எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்து, குப்பையை மட்டும் கிராமத்தில் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

ஊருக்குள் சந்து ரொம்பக் குறுகலாமே?

ஆமாம், உள்ளே நுழையவே நுழையாதீர்கள். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கார் ஜிபிஎஸ்-க்கு உங்கள் உயரம் தெரியாது, அது கல்வளைவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வண்டியின் உயரம், அகலம், எடை மூன்றையும் மீட்டர்க் கணக்கிலும் டன் கணக்கிலும் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். லார்சாக் பக்கத்து நவசெல் பள்ளத்தாக்கை மேலே காட்சிமேடையிலிருந்தே பாருங்கள், கொண்டையூசி வளைவுகளில் பெரிய வண்டியை இறக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராமல் பால் கெட்டுப்போனது. வண்டியில் கோளாறா?

பெரும்பாலும் வண்டி சாய்ந்து நின்றதுதான் காரணமாக இருக்கும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் மட்டமாக நின்றால்தான் வேலை செய்யும். சக்கரத்துக்கு அடியில் ஆப்புக்கட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். ஃபிரிட்ஜின் வெளிக் காற்றுத்துளை இருக்கும் பக்கத்தில் மாலை வெயில் படாமல் நிறுத்துங்கள்.

வெளியே பார்பிக்யூ போடலாமா?

வேண்டவே வேண்டாம். காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம், தெற்கே காடு இல்லாத இடம் குறைவு. 2025 ஆகஸ்டில் ஓத் மாவட்டத்து கொர்பியேர் மலைப்பகுதியில் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது. காற்று அதிகமான நாட்களில் காட்டுப்பாதைகளையே மூடிவிடுவார்கள். அன்றைய நிலவரத்தை மாவட்ட நிர்வாகத்தின் வரைபடத்தில் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சமையல் எல்லாம் வண்டிக்குள்ளேயே.

நாங்கள் சைவம். சந்தையில் நம்பி என்ன சாப்பிடலாம்?

நீஸ் பக்கம் சொக்கா, மார்செய் பக்கம் பானிஸ், இரண்டும் கடலை மாவில் செய்வது. பழமும் தக்காளியும் சொல்லவே வேண்டாம். ஆலிவ் அரைத்த தபெனாதில் நெத்திலி மாதிரி மீன் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ரொக்ஃபோர் பாலாடைக்கட்டியில் ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேர்கிறது, கண்டிப்பான சைவர்கள் தவிர்த்துவிடலாம்.

டோல் செலவைக் குறைக்க வழி?

வடக்கிலிருந்து வருகிறவர்கள் கிளெர்மோன்-ஃபெரானில் ஏ75 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். மியோ பாலத்தைத் தவிர முழுக்க இலவசம். 'பிசோன் ஃப்யூதே' என்ற அரசின் போக்குவரத்து நெரிசல் முன்னறிவிப்பில் சிவப்பு, கறுப்பு போட்ட சனிக்கிழமைகளில் சாலைக்கே வராதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மேடு ஏறாமல் பார்க்க ஓர் ஊர் சொல்லுங்கள்.

லில்-சூர்-லா-சோர்க். தட்டையான ஊர். கால்வாய்களில் பாசி படிந்த நீர்ச்சக்கரங்கள் இன்னும் சுற்றுகின்றன. ஞாயிறு பெரிய சந்தை, காலை எட்டு மணிக்கு முன்பே போனால்தான் நிறுத்த இடம் கிடைக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் சந்தை இல்லாத நாளில் போங்கள். பக்கத்தில் கோர்த் ஊரை எல்லோரும் சொல்வார்கள். கல் பாவிய செங்குத்துத் தெருக்கள் என்பதால், அம்மாவுக்கு அதை எதிரே சாலையோரக் காட்சிமுனையிலிருந்து காட்டினால் போதும்.