சம்பளத்துக்கு வரி இல்லை என்று நம்பிய விமானி

கேள்வி: துபாய் விமான நிறுவனம் ஒன்றில் விமானியாக இருக்கிறேன். 2018 ஜூலை வரை இந்திய நிறுவனத்தில் உள்நாட்டுத் தடங்களில் மட்டுமே பறந்தேன். குடும்பம் சென்னையில். 2023-24இல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் நான்கு மாதம் வீட்டில் முடங்கினேன். நிறுவனம் சம்பளத்தைப் பாதியாக்கியது. சேரும்போது ‘வரியே கிடையாது’ என்றவர்கள் இப்போது கைவிரிக்கிறார்கள். வெளிநாட்டில் வசிப்பவன் என்றுதான் ரிட்டர்ன் போட்டேன். அந்த ஆண்டுக் கணக்கை ஏன் மீண்டும் திறக்கக் கூடாது என்று கேட்கும் 148ஏ நோட்டீஸ் வருமான வரித் துறையிலிருந்து வந்திருக்கிறது. உடன் பறப்பவர்களுக்கு வரவில்லை. பாஸ்போர்ட் முத்திரைப்படி அந்த ஆண்டு இந்தியாவில் 176 நாள்தான். பணியில் வந்து தங்கியதையும் சேர்த்தால் 221. பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து முடித்துவிடலாமா?

பதில்: கூடாது. நீங்கள் எழுதியதில் சட்டத்துக்குத் தேவையானது 2018இல் போனதும் கடைசி இரண்டு எண்களும்தாம். நிறுவனம் தந்த வாக்குறுதி வருமான வரித் துறையைக் கட்டுப்படுத்தாது. சக விமானிகளுக்கு நோட்டீஸ் வராதது உங்களுக்கு வாதமாகாது. முழங்காலும் அப்படியே: ஊரடங்கில் சிக்கியவர்களுக்கு 2020இல் சலுகை தந்தார்கள், அறுவைச் சிகிச்சைக்கு அப்படி எதுவும் இல்லை.

பணியில் வந்து தங்கியதும் சேர்ந்து 182 நாளைத் தொட்டால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்கே வரி உண்டு. வந்திறங்கிய நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தீர்ப்பாயங்கள் சொன்னது உண்டு. நீங்கள் அனுப்பிய நாள் பட்டியலில் அதைக் கழித்தாலும் 190க்குக் கீழே இறங்கவில்லை. ‘சாதாரணமாக வசிப்பவர் அல்ல’ என்ற கதவு திறந்திருந்தால் வெளிநாட்டுச் சம்பளம் பெரும்பாலும் தப்பியிருக்கும். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டில் வசித்தவராக இருக்க வேண்டும், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. 2018இல் போனவருக்கு முதலாவது இல்லை. 2016-17, 2017-18 இரண்டும் சேர்ந்தே 730 நாள், இரண்டாவதும் இல்லை. அமீரகத்தோடு உள்ள இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தைக் காட்டவும், ஒரு காலண்டர் ஆண்டில் அங்கே 183 நாள் இருந்திருக்க வேண்டும். பாதி நாள் சென்னையிலும் மீதியில் பாதி வானத்திலும் இருப்பவர் அதை எப்படிக் காட்டுவார்?

இப்போது அந்த பாஸ்போர்ட் யோசனைக்கு வருகிறேன். விமானிகள் வழுக்கி விழும் இடம் இதுதான். பணியில் வருபவரின் பெயர், விமான ஊழியர் பட்டியலாக நிறுவனம் அதிகாரிகளிடம் தரும் ஜெனரல் டிக்ளரேஷனில் ஏறும். முத்திரை பல நேரம் விழாது. ஆனால் குடியேற்றத் துறைப் பதிவு, நிறுவனத்தின் ரோஸ்டர் (பணி அட்டவணை), உங்கள் பறப்புப் பதிவேடு மூன்றும் இருக்கின்றன. அதிகாரி அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கினாலே போதும். 176 என்று நீங்கள் கையெழுத்திட்ட தாளுக்குப் பக்கத்தில் 221 வந்து உட்காரும்.

அதுவரை உங்கள் தவறு வருமானத்தைக் குறைத்துக் காட்டியது. அபராதம் வரியில் 50 சதவீதம். முழுத் தொகையைக் காட்டி, உத்தரவுப்படி வரியையும் வட்டியையும் உரிய காலத்தில் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், 270ஏஏ பிரிவில் விண்ணப்பித்தால் அந்த அபராதத்திலிருந்தே விலக்குக் கேட்கலாம். உண்மையை மறைத்தது என்று அதிகாரி எழுதிவிட்டால் அபராதம் 200 சதவீதம், விலக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. வரியைக் கட்டியிருந்தால் முடிந்திருக்கும் வழக்கை, ஒரு சத்தியப் பிரமாணத்தால் வளர்த்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் ஆடிட்டர் எழுதிக் கொடுத்த தாளாகவே இருக்கும்.

வழக்காடாதீர்கள், கட்டி முடியுங்கள். துபாய் வங்கிக் கணக்கையும் மறக்க வேண்டாம். வசிப்பவர் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாமல் விட்டால், 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க முடியும். அசையாச் சொத்து தவிர மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் 2024 அக்டோபர் முதல் விலக்கு உண்டு. நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன், அந்த ஆண்டின் இறுதி இருப்பும் உச்ச இருப்பும் காட்டும் ஸ்டேட்மென்டை வாங்கிவிடுங்கள்.

2024-25க்கும் ரோஸ்டரை வைத்து நாட்களை எண்ணுங்கள். அதுவும் 182ஐத் தொட்டிருந்தால், அந்த ஆண்டுக்கு நோட்டீஸ் வருவதற்குள் புதுப்பித்த ரிட்டர்ன் (updated return) போடுங்கள். 2027 மார்ச் 31க்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் கூடுதலாக 25 சதவீதம், தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு ஆண்டு 50, 60, 70 என்று ஏறும்.