பழைய நீச்சல் குளத்துக்குப் புதுப் பூச்சு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் 2003-ஆம் ஆண்டு கட்டிய நீச்சல் குளம் உள்ளது. நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் சராசரியாக 1.2 மீட்டர். முதலில் வெள்ளை சிமெண்ட்டும் மார்பிள் தூளும் கலந்து பூசியிருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் நீல பெயின்ட் அடித்தோம். என்ன வகை என்று நினைவில்லை. இப்போது அது செதில் செதிலாக உரிகிறது. பேரப்பிள்ளைகள் குளித்து ஏறினால் உள்ளங்கால் நீலமாக இருக்கிறது. தரை சொரசொரத்துப் போய்க் கால்விரல்களைச் சிராய்க்கிறது. தண்ணீரும் நாளுக்கு 2 செ.மீ. இறங்குகிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர், ஆசிட் ஊற்றிக் கழுவி எபாக்ஸி (இரு பொருள் கலந்து அடிக்கும் பிசின் பெயின்ட்) இரண்டு கோட் அடித்து நான்கே நாளில் தண்ணீர் நிரப்பித் தருவதாகவும், கசிவும் அதிலேயே நின்றுவிடும் என்றும் சொல்கிறார். தீபாவளிக்குள் முடித்துவிடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: தீபாவளிக்குள் வேண்டாம். பூச்சு எது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் குளத்தை எப்போது காலி செய்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். உங்கள் குளத்தில் 38,400 லிட்டர் தண்ணீர், அதாவது 38 டன்னுக்குச் சற்று மேல், நிற்கிறது. அந்தப் பாரம்தான் குளத்தைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. கடற்கரையோர மணல் நிலத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்து நிலத்தடி நீர், குளத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் ஏறிவிட்டால், அந்த நீர் தரையை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு டன் வீதம் மேல்நோக்கித் தள்ளும். 32 சதுர மீட்டர் தரைக்கு 32 டன். தரையும் சுவரும் 15 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால் வெறும் கான்கிரீட் ஓட்டின் எடை சுமார் 22 டன்தான். காலிக் குளம் படகைப் போல எழும்பும், அல்லது தரை நடுவில் வெடிக்கும். இந்த விபத்து நேர்ந்துவிட்டால் எந்தப் பூச்சாலும் சரிசெய்ய முடியாது.

ஆகவே மழை ஓய்ந்து, ஏறிய நீர்மட்டம் இறங்கும்வரை, அதாவது மாசிக் கடைசி அல்லது பங்குனி வரை, காத்திருங்கள். வீட்டில் கிணறு இருந்தால் அதை எட்டிப் பாருங்கள். கிணற்று நீர், குளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். கிணறு இல்லையென்றால் குளத்துக்குப் பக்கத்தில் ஆள் அளவுக்கு ஒரு குழி தோண்டிப் பார்க்கலாம். அடிவடிகாலில் நீரழுத்தத்தைத் தணிக்கும் வால்வு வைத்துக் கட்டியிருந்தாலும், இருபது ஆண்டுகளாக மணலும் துருவும் அடைத்த வால்வை நம்பிக் குளத்தைக் காலி செய்வது சரியல்ல.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல், குளத்தில் தண்ணீர் இருக்கும்போதே கசிவைக் கண்டுபிடித்துவிடுங்கள். மழையில்லாத ஒரு நாள் பார்த்து, ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை எடுத்துக் குளத்தின் படிக்கட்டில், பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்குள் நீர்மட்டத்தையும், வெளியே குளத்தின் மட்டத்தையும் பென்சிலால் கோடிட்டு 24 மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. குளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம்தான் கசிவு. உங்கள் குளத்தில் 1 செ.மீ. என்பது 320 லிட்டர். நாளுக்கு 2 செ.மீ. இறங்குவது ஆவியாதலால் மட்டும் நேரக்கூடியது அல்ல என்றே நினைக்கிறேன். பிறகு அதே சோதனையை ஒரு நாள் மோட்டாரை ஓடவிட்டும், ஒரு நாள் நிறுத்தியும் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் பழுது பெரும்பாலும் குழாயில்தான். சில குளங்களில் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். அந்த உயரத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள்: விளக்குக் குழியாக இருக்கலாம், தண்ணீர் திரும்பி வரும் குழாயின் வாயாக இருக்கலாம். அவ்விடத்தில், மோட்டார் நின்றிருக்கும்போது, சிறிது மையைச் சொட்டிப் பார்த்தால், விரிசலுக்குள் மை இழுபட்டுப் போவது கண்ணாலேயே தெரியும். குழாயில் ஓட்டையிருக்க, சுவருக்கு எபாக்ஸி அடித்துக் கசிவை நிறுத்துவேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

குளம் காலியானதும் முதலில் பழைய பெயின்ட் எது என்று அறிய வேண்டும். உரிந்த செதில் ஒன்றின்மேல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். கரைந்து வந்தால் அது அக்ரிலிக். அதற்கு அசையாமல், பெயின்ட் கடையில் கிடைக்கும் சைலீனுக்குக் குழைந்து பிசுபிசுத்தால் குளோரினேட்டட் ரப்பர். இரண்டுக்கும் மசியாவிட்டால் எபாக்ஸி என்று கொள்ளலாம். முதல் இரண்டின்மேலும் எபாக்ஸி அடிக்கக் கூடாது. எபாக்ஸியில் உள்ள கரைப்பான் அடியிலுள்ள பெயின்ட்டை இளக்கிச் சுருக்கம் விழச் செய்யும், அல்லது ஒரே ஆண்டில் இரண்டும் சேர்ந்து உரியும். ஆசிட் ஊற்றினால் பழைய பெயின்ட் போய்விடும் என்பதும் தவறு. ஆசிட் சிமெண்ட்டைத்தான் அரிக்கும். பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. அதை அழுத்த நீர் பாய்ச்சியோ, கிரைண்டரால் தேய்த்தோதான் அகற்ற வேண்டும். வெறும் சிமெண்ட் தெரிந்த பிறகே ஆசிட்டுக்கு வேலை. அதையும் நீரில் கலந்து (தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல) தெளித்து, நன்றாகக் கழுவி, சலவை சோடாக் கரைசலால் மிஞ்சிய அமிலத் தன்மையைப் போக்க வேண்டும். ஆசிட்டும் குளோரின் பவுடரும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது. குழிக்குள் நிற்கும் ஆளுக்கு அந்த நச்சுக் காற்றிலிருந்து ஓட இடமிருக்காது.

பிறகு ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு, தரையையும் சுவரையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கெட்டியான இடத்தில் ‘டிங்’ என்று இறுகிய சத்தம் வரும்; பொக்கான இடத்தில் பானையைத் தட்டியது போல ‘பொத்’ என்று கேட்கும். பொக்கு இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வரச் சொன்னால், அரை மணி நேரத்தில் குளத்தின் நிலைமை தரையிலேயே எழுதியது போலத் தெரிந்துவிடும். வட்டங்கள் ஐந்தாறுதான் என்றால் அவற்றை மட்டும் கொத்தி எடுத்துப் பூசலாம். குளம் முழுவதும் வட்டமாக இருந்தால், கான்கிரீட் வரை மொத்தமாகக் கொத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இருபது ஆண்டைத் தாண்டிய பூச்சு என்பதால் இரண்டாவதற்கே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். அப்படிக் கொத்துகையில் துருப்பிடித்த கம்பி தென்பட்டால், பூச்சுக்காரரை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

இனி எந்தப் பூச்சு என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் இடத்துக்கு எபாக்ஸி என் முதல் தேர்வல்ல. எபாக்ஸி ஈரத்தைக் கடக்கவிடாத இறுக்கமான படலம். மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் பின்புறத்திலிருந்து தள்ளும்போது, வெளியேற வழியின்றிக் கொப்புளம் போட்டு எழும்பும். ஆண்டில் சில மாதங்களாவது நிலத்தடி நீர் ஏறி நிற்கும் மனையில் இது கிட்டத்தட்ட நிச்சயம். பழுது நீக்கிய கான்கிரீட்டின்மேல் இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் சிமெண்ட் வகை நீர்த்தடுப்புப் பூச்சைக் கொடுத்து, அது இறுகியபின் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் மட்டம் பார்த்து, அதற்குப் பிறகு டைல்ஸோ, பழையபடி வெள்ளை சிமெண்ட்–மார்பிள் தூள் பூச்சோ போடுவதே ஏற்றது. டைல்ஸ் செலவு கூடுதல், ஆயுளும் கூடுதல். மார்பிள் தூள் பூச்சு 10 முதல் 12 மி.மீ. கனத்தில், போதிய ஆட்களை வைத்து ஒரே நாளில் முடிக்க வேண்டிய வேலை. மறுநாள் ஒட்டுப் போட்டால் அந்தக் கோடு கடைசி வரை தெரியும்.

செலவைக் கருதி எபாக்ஸிதான் என்று முடிவு செய்தால், நான்கு நாள் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் 28 நாள் ஆற வேண்டும். அடிப்பதற்கு முந்தைய இரவு, 45 செ.மீ. சதுரமான பாலித்தீன் தாளைத் தரையில் நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டிவிட்டுக் காலையில் பிரித்துப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி பூத்திருந்தால் அன்று வேலையில்லை. அளவையும் நீங்களே கணக்கிடலாம். உங்கள் தரையும் சுவரும் சேர்ந்து சுமார் 61 சதுர மீட்டர். திடப்பொருள் 70 சதவீதம் உள்ள எபாக்ஸி, காய்ந்தபின் 125 மைக்ரான் (0.125 மி.மீ.) கனம் நிற்க, லிட்டருக்கு 5.6 சதுர மீட்டர்தான் வரும். ஒரு கோட்டுக்கு 11 லிட்டர். சொரசொரத்த பரப்பு குடிப்பதையும் சேதத்தையும் சேர்த்து 14 லிட்டர். இரண்டு கோட்டுக்கு 28 லிட்டர். பதினைந்து லிட்டரில் முடிக்கிறேன் என்பவர் தின்னரைத்தான் பூசப் போகிறார். கலந்த எபாக்ஸி வெயிலில் வெகு சீக்கிரம் கெட்டியாகிவிடும் என்பதால், நிழல் விழும் நேரத்தில், சிறு சிறு அளவாகக் கலக்கச் சொல்லுங்கள். முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் டின்னில் அச்சிட்ட இடைவெளி தாண்டிவிட்டால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின்தான் அடுத்த கோட். படிக்கட்டுக்கு மட்டும் நைசான குவார்ட்ஸ் மணல் தூவச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசி கோட்டுக்குப் பிறகு குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் படக் கூடாது.

மார்பிள் தூள் பூச்சுக்கு இதற்கு நேர் எதிர். பூச்சு இறுகத் தொடங்கியதுமே நிரப்ப ஆரம்பித்து, நிறுத்தாமல் நிரப்ப வேண்டும். இடையில் நின்றால் அந்த மட்டத்தில் வளையம் விழும். 12,000 லிட்டர் லாரி என்றால் மூன்று லாரிக்கு மேல் தேவை. எல்லாம் வாசலில் வந்து நின்ற பிறகே முதல் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். குழாய் வாயில் பழைய துணியைக் கட்டி, ஆழமான இடத்தில் வைத்தால் பூச்சு பறியாது. போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பேறிக் கறை பிடிக்கும் என்பதால், முன்கூட்டியே பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குளத்தில் மெருகு டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. டைல்ஸ் நன்றாக உள்ளது, இடைச்சந்துகள்தான் கரைந்துவிட்டன. அதன்மேலேயே எபாக்ஸி பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அடிக்காதீர்கள். மெருகின்மேல் பெயின்ட் பிடிக்காது. சந்துகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எபாக்ஸி கிரவுட் நிரப்பினால் போதும். அதற்கு முன், தட்டிப் பார்த்துப் பொக்கான டைல்ஸை மட்டும் பெயர்த்து மறுபடி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு எபாக்ஸி அடித்தோம். இப்போது கையை வைத்தால் வெள்ளையாக மாவு போல ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட்டு யாரையும் குறை சொல்ல வேண்டாம். வெயில் படும் எபாக்ஸி மாவு பூப்பது அதன் இயல்பு. ஆனால் ஓராண்டுக்குள் என்றால் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். பி.எச். (நீரின் புளிப்பு, கார அளவு) 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கிறதா என்று வாரம் இரு முறை பாருங்கள். குளோரின் மாத்திரையைத் தரையில் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அது கரையும் இடத்தில் நீர் கடும் புளிப்பாகிப் பூச்சை வெளுக்கச் செய்யும். மாத்திரைக்கு மிதவைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. தரையில் வெளுத்த வட்டங்கள் தென்பட்டால் காரணம் அந்த மாத்திரைதான். வெயில் நேராக விழும் மேல் சுவரில் மட்டும் மாவு பூத்திருந்தால், மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக ஓட்டலாம்.