தென்னாப்பிரிக்காவில் சின்னச் சின்ன அருங்காட்சியகங்களுக்குப் போவது நேர விரயமா?

நீங்கள் கேட்டிருப்பது: தமிழ்நாட்டிலிருந்து பத்து நாள் பயணமாக வருகிறீர்கள், கேப் டவுன், க்ரூகர் எல்லாம் முடிவாகிவிட்டது, டர்பனில் மூன்று நாள் கையில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களே நடத்தும் இரண்டு அறை அருங்காட்சியகங்கள், மரபு மையங்கள் என்று சொல்கிறார்களே, அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கும்?

போங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் என்றால் கட்டாயம் போங்கள். பெரிய அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். சின்ன இடத்தில் உங்களிடமிருந்தும் ஒன்று தேவைப்படும். அது என்ன என்று எனக்கும் இங்கே வந்து பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

என் ஊர் குடியாத்தம். கல்யாணமாகி டர்பன் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கணவர் வீட்டார் இங்கே ஐந்தாவது தலைமுறை. அத்தைக்குத் தமிழ் காதால் கேட்டால் புரியும், நாலு வார்த்தை பேசுவார், படிக்க வராது. இங்கே பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் நிலைமை. காவடி எடுப்பார்கள், தீ மிதிப்பார்கள், தேவாரம் பாடுவார்கள், ஆனால் கையில் ஒரு தமிழ்க் கடிதத்தைக் கொடுத்தால் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே பலருக்குத் தெரியாது. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்பது அவர்களே காசு சேர்த்துக் கட்டிக்கொண்டால்தான் உண்டு என்று இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் இருக்கும் சின்ன மரபு மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். பழைய வீடு ஒன்றின் முன்பக்கத்து இரண்டு அறை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். குத்துவிளக்கு, பித்தளைச் சொம்பு, அம்மி, கரும்பு வெட்டும் கத்தி, கல்யாண போட்டோக்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் விரித்து வைத்திருந்தது, கீழே 'பிரார்த்தனைப் புத்தகம்' என்று ஆங்கிலத்தில் சீட்டு. குனிந்து பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே காப்புச் செய்யுள். அதைப் பார்த்தால் யாருக்கும் சாமிப் பாட்டு என்றுதான் தோன்றும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் 'தரு' என்று ஒரு தலைப்பு, கொஞ்சம் தள்ளி 'விருத்தம்' (இரண்டும் கூத்தில் வரும் பாட்டு வகைகள்), அதற்கும் கீழே 'கட்டியங்காரன் வசனம்', அதாவது கூத்தின் கோமாளி பேசும் பேச்சு. எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனியில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள் நான். பார்த்த உடனே அது கூத்துப் பாட்டு நோட்டு என்று தெரிந்துவிட்டது.

ஆசிரியரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார், பிறகு சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து நோட்டை வெளியே எடுத்து மேசை மேல் வைத்து, "முழுசா வாசிச்சுச் சொல்ல முடியுமா அம்மா?" என்று கேட்டார். எந்தப் பெரிய அருங்காட்சியகத்தில் இது நடக்கும்?

கருப்பு மை. புள்ளி பாதி எழுத்துக்கு இல்லை, ரகரமும் றகரமும் இடம் மாறி இருந்தன, பேசுகிறபடியே எழுதியிருந்தார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபட்டது. திரௌபதி அம்மன் கதையில் துகில் உரியும் இடம். கடைசி இரண்டு பக்கத்தில் பாட்டு இல்லை, கணக்கு: அரிதாரம், மாலை, மத்தளக்காரர், லாரி வாடகை, எல்லாம் ஷில்லிங்கிலும் பென்னியிலும். இந்த நாட்டில் ரேண்ட் வந்தது 1961-ல். ஆகவே அதற்கு முந்தைய ஒரு கூத்தின் செலவுக் கணக்கு அது என்று அவரே சொன்னார், அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. தெருக்கூத்துக்கு இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றுதான் பெயர், இப்போது ஆடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அத்தை அதுவரை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து, தன் அப்பா ஸ்திரீ வேஷம் கட்டுவார் என்றார். பதினான்கு வருடத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை. என் கணவருக்கும் தெரியாது. புஜக்கட்டையை (கூத்தில் தோளில் கட்டும் மர அணி) வீட்டுக் கூரைக்கடியில் துணி சுற்றி வைத்திருந்ததும், வீடு மாறும்போது அது காணாமல் போனதும் ஒவ்வொன்றாக வந்தது. ஆசிரியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதுச் சீட்டை அப்போதே பென்சிலில் எழுதி வைத்தார்.

வீடு மாறும்போது என்று அத்தை சாதாரணமாகச் சொல்லிவிட்டார், அது அவர்களாக மாறியது இல்லை. 1950-ல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்து, இன்ன நிறத்தவர் இன்ன பகுதியில்தான் இருக்கலாம் என்று கோடு போட்டார்கள். டர்பனில் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கிளப்பி, சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் வரிசை வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். லாரியில் எது ஏறியதோ அதுதான் மிஞ்சியது. இந்த ஊர்ச் சின்ன அருங்காட்சியகங்களில் ஏன் இவ்வளவு கொஞ்சம் பொருள் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அங்கே இருக்கும் ஒரு சொம்பு, யாரோ கையில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்த சொம்பு.

கேப் டவுனில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1966-ல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, பின்னால் அறுபதாயிரம் பேரை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். 1994-ல் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்துக்குள் அருங்காட்சியகம் தொடங்கியது. தரையில் பெரிய தெரு வரைபடம் விரித்திருக்கும், அங்கே குடியிருந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் கையாலேயே பெயர் எழுதியிருக்கிறார்கள். மேலே தொங்கும் தெருப் பெயர்ப் பலகைகளை, இடிக்க வந்த குழுவில் இருந்த மேஸ்திரி ஒருவர் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருந்து பின்னால் கொடுத்தாராம். நான் போன அன்று அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர்தான் சுற்றிக்காட்டினார். முடிந்தால் அப்படி ஒருவருடன் பாருங்கள், தனியாகப் பார்த்தால் பாதிதான்.

டர்பன் விஷயத்துக்கு வருகிறேன். டெர்பி தெருவில் 1860 மரபு மையம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் வந்து சேர்ந்தது, பெயர் அந்த வருடத்தை வைத்து வந்ததுதான். 1911 வரை மொத்தம் 152,184 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு போலச் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் கப்பல் பதிவேட்டில் ஒரு வரி உண்டு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், அப்புறம் உடம்பில் உள்ள தழும்பு, மச்சம். கல்வி, ஆராய்ச்சி என்று ஆர்வம் இருந்தால் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பட்டியலை நம் ஊர்க்காரர் படிப்பதில் ஒரு தனிப் பயன் இருக்கிறது. எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், அதனால் கவுண்டர் இங்கே 'கோவெண்டர்' ஆகி, முதலி 'மூட்லி' ஆகி, அப்படியே குடும்பப் பெயராகவும் ஆகிவிட்டது. ஊர்ப் பெயர்களின் கதியும் அதுதான். இங்கே பிறந்தவர்கள் வருடக்கணக்காகத் தேடியும் பிடிபடாத ஊரை, வட ஆற்காட்டிலோ செங்கல்பட்டிலோ பஸ்ஸில் போய் வந்த ஒருவர் ஒரு தடவை சத்தமாகப் படித்தாலே சொல்லிவிடுவார். நான் இதுவரை மூன்று குடும்பத்துக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் இனாண்டா பக்கம் காரில் போங்கள், தனியாக வேண்டாம், உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள். ஃபீனிக்ஸில் 1904-ல் காந்தி நிறுவிய குடியிருப்பு. அவருடைய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை 1903-ல் தொடங்கியபோது தமிழிலும் அச்சானது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1985 கலவரத்தில் அந்த இடம் எரிந்துபோனது, இப்போது பார்ப்பது திரும்பக் கட்டியது. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டுபே நிறுவிய ஓஹ்லாங்கே பள்ளி, 1994-ல் மண்டேலா தன் முதல் ஓட்டைப் போட்ட இடம். நேரம் இருந்தால் இன்னும் வடக்கே க்ரூட்வில்லில், அதே காங்கிரஸின் பிற்காலத் தலைவரும் நோபல் அமைதிப் பரிசு பெற்றவருமான ஆல்பர்ட் லுத்துலியின் வீடு. அரசு ஆதரவில் நடக்கும் அருங்காட்சியகம்தான், ஆனால் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு என்பது உள்ளே போனதும் தெரியும்.

போகும் முன் போன் செய்துவிடுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. சாவி ஒரே ஆளிடம் இருக்கும், அவருக்கு ஒரு துக்க வீடு வந்தால் அன்று மூடல். நுழைவுக் கட்டணம் இல்லை என்றாலும் உண்டியலில் போடுங்கள், நூறு ரேண்ட் போட்டால் அவர்களுக்கு ஒரு மின்சார பில்லில் ஒரு பகுதி. முக்கியமாக, சுவரில் இருப்பதைப் பார்த்து முடித்ததும் கிளம்பிவிடாமல், "தமிழில் ஏதாவது காகிதம் இருக்கிறதா, நான் படித்துச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். பீரோவில் இருந்து கடிதமோ கல்யாணப் பத்திரிகையோ பஞ்சாங்கமோ ஏதோ ஒன்று வரும். போட்டோ எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், படிக்க முடியாத எழுத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள், புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், அவர்கள் அதைத்தான் அடுத்த சீட்டில் எழுதி வைப்பார்கள்.

அந்த நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது. எழுத்து மங்கியிருக்கிறது, ராகத்தின் பெயர்கள் போலச் சில சொற்கள் வருகின்றன. கூத்து தெரிந்த யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் கீழே கருத்தில் எழுதுங்கள், அந்த ஆசிரியரிடம் கேட்டு நானே கூட்டிப் போகிறேன்.